ஒரே கூரை, ஆறு வீடு

ஒழுக்கு அடைப்பவனை மழை பெய்யும்போதுதான் கூப்பிடுவார்கள். மழை பெய்யும்போது கூரையில் ஏற முடியாது. கட்டில்மேல் குண்டான் வைத்துவிட்டு ஓரமாகப் படுக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் ஏலப்பாறைப் பக்கம் தேயிலை ஃபாக்டரியில் ராத்திரி ஷிப்ட். பகலில் தூக்கம் வராது, அதனால் கூரை ஏறப் பழகினேன். சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. நான் சொல்லவரும் லயம், அதாவது தொழிலாளர் வரிசைவீடு, பக்கத்து எஸ்டேட்டுடையது: நீளமாக ஒரே தகரக் கூரை, அதன்கீழ் வரிசையாக ஆறு வீடு. எஸ்டேட் மூடிக் கிடக்கிறது. கூரையை மொத்தமாக மாற்ற ஆளில்லை.

வெளிச்சம் பார்த்தது

செல்வக்கனிக்கு நாலாவது வீடு. அவள் வீட்டுக்காரர் மூக்கையா நிழல்மரம் வெட்டும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். கட்டில் அந்த அறையில் ஒரே இடத்தில்தான் அடங்கும், ஒழுக்கும் அங்கேதான். நனைந்தால் முதுகுப் புண் ஆறாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

பட்டப்பகலில் கதவு ஜன்னலை அடைத்துக் கம்பளி தொங்கவிட்டால், ஓட்டை எல்லாம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். எண்ணினேன், பதினைந்து. தார் எடுக்கப் போன என்னை மூக்கையா நிறுத்தினார். "பதினேழு இருக்கு தம்பி. மல்லாக்கப் படுத்துப் பாருங்க, தெரியும்."

பாண்டியம்மாளின் அரிசி

பதினேழையும் தார் தோய்த்த சாக்குத்துணியால் ஒட்டினேன். மறுநாள் மழையில் கட்டில் நனையவில்லை. செல்வக்கனி சந்தோஷமாகப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். பாதி குடிப்பதற்குள் ஐந்தாவது வீட்டுப் பாண்டியம்மாள் ஊறிப்போன அரிசியை முறத்தோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஏம்ணே, அந்த வீட்டு மழைய எங்க வீட்டுக்கு அனுப்பி வச்சீகளோ?"

பூட்டு

அவள் பக்கம் அடைத்தேன். தண்ணீர் கட்டிலுக்கே திரும்பி வந்தது. அப்புறம்தான் உறைத்தது: லயம் சரிவில் சாய்ந்து நிற்கிறது. மேலே மூன்றாவது வீட்டில் இறங்குகிற தண்ணீர், கூரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழ்வீடுகளுக்கு வருகிறது. அங்கே ஒரே ஒரு தகரம் மாற்றினால் போதும். ஆனால் தகரத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற கொக்கி போல்ட் துருவேறிக் கிடக்கிறது; உள்ளேயிருந்து ஒரு ஆள் கொக்கியைப் பிடித்தால்தான் கழற்ற முடியும். அந்தக் குடும்பமோ வீட்டைப் பூட்டிவிட்டு மலைக்குக் கீழே கம்பம் ஊருக்கு இறங்கி நாலு வருஷம்.

மேலே தார்ப்பாய் விரித்தேன்; காற்று அதைத் தேயிலைக்குள் கொண்டுபோய்ப் போட்டது. கடைசியில் பூட்டியவருக்குப் போன் செய்து, மூக்கையாவின் முதுகுப் புண்ணைச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் சொன்னார்: "பூட்டத் திறந்தா காலி பண்ணிட்டோம்னு எழுதி எஸ்டேட்காரக வீட்ட எடுத்துருவாகண்ணே. மூக்கையாண்ணன நான் கேட்டதாச் சொல்லுங்க."

அடுப்பு

எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, வாய்க்கால் மாதிரி மடக்கி, கட்டிலுக்கு மேலே சட்டத்தோடு கட்டினேன். கிடைத்த சரிவு அடுப்படிப் பக்கம்தான். சுவரைத் துளைத்து வெளியே விடலாமென்று உளி வைத்தேன், மண் பொலபொலவென்று கொட்டியது. விட்டுவிட்டேன்.

சாயங்கால மழையில் தண்ணீர் மூக்கையாவைத் தாண்டி ஓடி, நேராக அடுப்பில் விழுந்தது. செல்வக்கனி ஈரச் சாம்பலை அள்ளிக்கொண்டே சொன்னாள்: "அடுப்ப நான் நகத்திக்கிடுவேண்ணே. அவுகளத்தான் நகத்த முடியல."

இத்தனை வருஷத்தில் நான் ஒரு ஒழுக்கையும் நிறுத்தியதில்லை, கொஞ்சம் தள்ளிப்போய் ஒழுகச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.