நான் பூட்டிய நகரசபைக் கதவு

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஊரின் நகரசபைக் கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் நான். ஒரு மாலை வழக்கம்போல ஆறு மணிக்கு வாசலைப் பூட்டினேன். வியாழக்கிழமைக் கூட்டத்தை அன்றைக்கு மாற்றியிருந்ததை மறந்துவிட்டேன். மேலே சபை நடந்துகொண்டிருந்தது.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். பாலர் பாடசாலைக்கு முன்னாலுள்ள பஸ் தரிப்பிடத்தை அகற்றும் விவாதத்தைக் கேட்க வந்த தமிழ்ப் பெண்.

"பின்பக்கத்தால விடுறன், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றேன்.

"எனக்கு முன்னம் வந்து, பூட்டியிருக்கெண்டு திரும்பிப் போன ஆக்களுக்கு ஆர் சொல்லுறது, அண்ணை?"

இங்கே சபைக் கூட்டத்தை யாரும் வந்து பார்க்கலாம். கதவு பூட்டியிருந்தால் எடுத்த முடிவே செல்லாது போகலாம். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு மேலே ஏறி, எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். மேயர் கூட்டத்தை உடனே நிறுத்தினார். தரிப்பிடத்தை அகற்றச் சற்றுமுன் எடுத்த முடிவையும் கைவிட்டு, எனக்கு நன்றி சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் மண்டபம் நிறைந்தது. தரிப்பிடம் தப்பியது.

இப்போது கூட்ட நாட்களில் கதவை அகலத் திறந்துவைத்து, கடைசி ஆள் போகும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.

"ஏனப்பா இவ்வளவு சுணக்கம்?" என்று மனைவி கேட்பாள்.

"சபையை நடத்திப்போட்டு வாறன்" என்பேன்.