வத்தலக்குண்டில் மட்டும் வந்த எச்சரிக்கை

ரூபிக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர் என்று யாரும் இல்லை. 1994-இல் பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்துவிட்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பேச ஆள் வராத மதியங்களில், மீட்டரோடு வந்த இங்கிலீஷ் கையேட்டை அகராதியை வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தார். ஒருநாள் மீட்டர் தாறுமாறாக ஓடியபோது, மதுரையிலிருந்து மெக்கானிக் வருவதற்குள் அவரே சரிசெய்துவிட்டார். அன்றிலிருந்து, எதையும் முழுதாகப் படித்தால் போதும் என்ற ஒரு நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது.

2000-இல் பூத்து பிரவுசிங் சென்டர் ஆனது. கம்ப்யூட்டர் திரையில் ஏதாவது எச்சரிக்கைப் பெட்டி வந்தால் எல்லோரும் ஓகே அமுக்கி மூடிவிடுவார்கள். ரூபி அதில் எழுதியிருப்பதை ஒரு நோட்டில் எழுதிவைப்பார்.

"அது என்னமோ சொல்ல வருது. முழுசாக் கேக்காம வாயைப் பொத்துனா எப்படி?" என்பார்.

2003-இல் முத்துச்சாமியிடம் வேலைக்குப் போனார். முத்துச்சாமி ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம். திண்டுக்கல்லில் அலுவலகம் போட்டு, நர்ஸ் படித்த பெண்களை வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். டைப் அடிக்கச் சேர்ந்த ரூபி, இரண்டே வருடத்தில் அலுவலகத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவராகிவிட்டார்.

2005 தொடக்கத்தில் மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பங்கள் இனி இன்டர்நெட் வழியாகத்தான் வர வேண்டும்; பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் அதில் இருப்பதால், நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பாதுகாப்பான பக்கமாக இருக்க வேண்டும்; அதற்கு முறையான சான்றிதழ் வாங்கிச் சர்வரில் போட வேண்டும்.

"உன்னால ஆகுமா ரூபி?" என்று கேட்டார் முத்துச்சாமி.

"தெரியல சார். படிச்சுப் பாக்குறேன்."

வெப்சைட்டைத் தாங்கும் சர்வர் கம்ப்யூட்டர் சென்னையில் எங்கோ ஓர் அறையில் இருந்தது. ரூபி அதைக் கண்ணால் பார்த்ததில்லை. தன் மேசையிலிருந்து ஒரு கறுப்புத் திரை வழியாக அதற்குள் போவார், ஒரு வரி அடிப்பார், பதிலுக்குக் காத்திருப்பார். அப்படியே ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி, சான்றிதழ் தரும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். அங்கிருந்து ஒரு பெண் போன் பண்ணி, இப்படி ஓர் அலுவலகம் நிஜமாகவே இருக்கிறதா என்று விசாரித்தாள். மூன்றாம் நாள் மெயிலில் சான்றிதழ் வந்தது. பார்த்தால் பத்திருபது வரிக்குத் தலையும் வாலும் புரியாத எழுத்துக்கள். அதைச் சர்வரில் ஒட்டி, சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினார். கிளம்பவில்லை. ஒரு ஃபைலின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. திருத்தினார். பக்கம் பாதுகாப்பானது என்பதற்கு அடையாளமாக, பிரவுசரின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்தது. அதைப் பார்த்ததும் ரூபி நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

முத்துச்சாமி வந்து குனிந்து பார்த்தார். "இம்புட்டுதானா?"

அடுத்த இரண்டு வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் வந்தன. கடைசித் தேதி ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை, மலர்விழி என்ற பெண் அலுவலகத்துக்கு வந்தாள். வத்தலக்குண்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்த கையோடு பஸ் ஏறியிருந்தாள்.

"அக்கா, எங்க ஊரு பிரவுசிங் சென்டர்ல உங்க பக்கத்தத் தொறந்தா எச்சரிக்கை வருது. இதை நம்பலாமான்னு கேக்குது. பாஸ்போர்ட் நம்பர் போடுற இடத்துல அப்படிக் கேட்டா நான் என்ன செய்யட்டும்?"

உள்ளேயிருந்த முத்துச்சாமி காதில் விழுந்தது. "எஸ்-னு இருக்கும்ல, அதை அமுக்கிட்டுப் போம்மா. எல்லாரும் அப்படித்தான போறாக."

ரூபி திரும்பினார். "எல்லாரும்னா யாரு சார்?"

"ரெண்டு மூணு புள்ளைக போன்ல கேட்டுச்சுக. அமுக்கச் சொன்னேன்."

அலுவலகக் கம்ப்யூட்டரில் அப்படி எந்த எச்சரிக்கையும் ஒருநாளும் வந்ததில்லை. மலர்விழி எதிரிலேயே திறந்து காட்டினார். பூட்டு ஒழுங்காக விழுந்தது.

"இங்கயே போட்டுட்டுப் போயிரு மலரு. சர்ட்டிபிகேட் எல்லாம் ஸ்கேன் பண்ணிக்கலாம்."

மலர்விழி யோசித்தாள். "இங்க வரல, அங்க வருது. ரெண்டுல ஒண்ணு பொய்யில்லையாக்கா? எது பொய்யின்னு தெரியாம எப்படிப் போடுறது? என்னோட இன்னும் மூணு பேரு இருக்காங்க. நான் சரின்னு சொன்னாத்தான் போடுவாங்க. அவங்களுக்கு லீவும் கிடையாது."

ரூபிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. நூற்றுப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் எஸ் அமுக்கினார்களோ. யார் சொல்லியும் அமுக்காமல், அந்தப் பெட்டி சொன்னதைக் காதில் வாங்கியவள் இவள் ஒருத்திதான். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவளோடேயே வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த சென்டரில் ஐந்து பழைய கம்ப்யூட்டர்கள். பக்கத்தைத் திறந்ததும் பெட்டி வந்தது. அதில் மூன்று வரிகள். முதல் வரி, இந்தச் சான்றிதழைக் கொடுத்த நிறுவனம் யாரென்று எனக்குத் தெரியாது என்றது. இரண்டாவது, தேதி செல்லாது என்றது. இரண்டுக்கும் முன்னால் மஞ்சள் முக்கோணம். மூன்றாவது, பெயர் பொருந்துகிறது என்றது. அதற்குப் பச்சை டிக்.

ரூபி திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். 1998 ஜனவரி ஒன்று.

"இங்க கரண்டு போனா எப்பவும் தேதி இப்படித்தான் ஆயிருமா?" என்று சென்டர்காரரிடம் கேட்டார்.

"உள்ள இருக்குற பட்டன் செல் தீந்துபோச்சும்மா. தேதிய யாரு பாக்குறா?"

சான்றிதழ் பிறந்ததே 2005-இல். ஏழு வருடம் பின்தங்கி நிற்கும் கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்கவே இல்லை. ரூபி சிரித்துக்கொண்டே தேதியைத் திருத்தினார். திரும்பத் திறந்தார். இரண்டாவது வரி பச்சையாகியிருந்தது. முதல் வரியில் மஞ்சள் முக்கோணம் அப்படியே இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. "செத்த நேரம் பொறுத்துக்க மலரு. கண்டுபிடிச்சுட்டு நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ எதையும் அமுக்காத," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்தச் செத்த நேரம் இரண்டு நாளாகும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

சான்றிதழ் நிறுவனத்துக்கு மெயில் போட்டார். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை, திண்டுக்கல்லிலேயே இருக்கும் பேகம்பூருக்குப் போனார். ரூபியின் அப்பா சூசை அங்கே தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். அந்தப் பழக்கத்தில், அதே தெருப்பக்கம் இருந்த காஜா மைதீனின் பிரவுசிங் சென்டரில் ரூபிக்கு எப்போதும் இடம் உண்டு. ஜும்மா தொழுகை முடிந்து வந்து, ரெண்டு மணிக்குக் காஜா மைதீன் கடையைத் திறந்தார்.

அங்கே எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நாள் வாங்கியவை. எல்லாவற்றிலும் புதிதாக வந்த, நரிப் படம் போட்ட பிரவுசர். தேதியும் சரி. ரூபி முதலாவதில் உட்கார்ந்தார். எச்சரிக்கை வந்தது. அடுத்ததில் உட்கார்ந்தார். வரவில்லை.

"பாய், இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் கிடையாது தங்கச்சி. ரெண்டும் ஒரே லாரில வந்துச்சு."

ரூபி நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தார். அதற்குள் காஜா மைதீன் எச்சரிக்கை காட்டிய முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் வேலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தார். ரூபி திரும்ப அதில் உட்கார்ந்து தன் பக்கத்தைத் திறந்தார். எச்சரிக்கையைக் காணோம். பூட்டு விழுந்திருந்தது.

"பாய், இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலயே. பேங்க் பக்கத்தத் தொறந்து பாத்தேன். ஏன், எதுவும் கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகல. சரியாயிருச்சு. அதான் ஏன்னு தெரியல."

மூன்றாவது கம்ப்யூட்டருக்குப் போனார். தன் பக்கத்தைத் திறந்தார்: எச்சரிக்கை. பேங்க் பக்கத்தைத் திறந்து மூடினார். திரும்பத் தன் பக்கம்: எச்சரிக்கை இல்லை. நாலாவதிலும் அதே கதை. காஜா மைதீனும் இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பேங்கின் சான்றிதழைத் திறந்து, யார் கொடுத்தது என்று ரூபி பார்த்தார். மேலிருந்து கீழாக மூன்று பெயர்கள் இருந்தன. உச்சியில் ஒரு பெரிய நிறுவனம், நடுவில் அதன் கிளை போல இன்னொன்று, அடியில் பேங்க். நடுவில் இருந்த பெயரை ரூபிக்குத் தெரியும். அவருக்குச் சான்றிதழ் கொடுத்ததும் அதுதான்.

"பாய், சாதிச் சான்றிதழ் வாங்குறோம்ல? வி.ஏ.ஓ. எழுதுறாரு, அவருக்கு மேல ஆர்.ஐ. எழுதுறாரு, அதுக்கு மேல தாசில்தார் சீல். காலேஜ்ல தாசில்தார் சீலத்தான் தெரியும். வி.ஏ.ஓ. கையெழுத்து அவங்களுக்குத் தெரியாது. நடுவுல ஆர்.ஐ. தாளு இல்லைன்னா கீழ இருக்குறதையும் மேல இருக்குறதையும் எப்படிச் சேக்குறது? பேங்க்காரங்க அந்த நடுத் தாளையும் சேத்துக் காட்டுறாங்க. இந்த மெஷினு அதை எடுத்து வச்சுக்கிட்டு என் பக்கத்துக்கும் சேத்துப் பாத்துக்கிருது. அந்த ரெண்டாவது மெஷின்ல யாரோ முன்னாடியே பேங்க் பக்கத்தத் தொறந்திருக்கணும்."

"அப்ப நீங்க காட்டலையா?"

ரூபி நோட்டை மூடினார். எழுந்து நேராக அலுவலகத்துக்கு வந்து, சான்றிதழ் வந்த மெயிலைத் திறந்து, மேலிருந்து படிக்கத் தொடங்கினார். அனுப்பியவரின் பெயருக்கும் கீழே ஒரு வரி இருந்தது. இத்துடன் உள்ள இரண்டாவது ஃபைலையும் சர்வரில் தவறாமல் சேர்க்கவும் என்றது அது. பூட்டுப் படம் வந்த சந்தோஷத்தில் அந்த வரி வரைக்கும் ரூபி போகவே இல்லை.

பிறகு முத்துச்சாமியின் அறைக்குப் போனார்.

"தப்பு என்னோடது சார். ரெண்டு ஃபைல் அனுப்பியிருக்காங்க. நான் ஒண்ணுதான் போட்டிருக்கேன்."

முத்துச்சாமி பேனாவைக் கீழே வைத்தார். "நம்ம புள்ளைக விவரம் எங்கயும் போயிருக்குமா?"

"போயிருக்காது சார். நடுவுல யாரும் படிக்க முடியாதபடிதான் இருந்துச்சு. ஆனா வேற எவனாவது நம்ம பேருல ஒரு பக்கம் போட்டிருந்தாலும் இதே பெட்டிதான் வந்திருக்கும். அப்பவும் நாம எஸ் அமுக்கத்தான் சொல்லியிருப்போம்."

"முதல்ல அதைப் போடு," என்றார் முத்துச்சாமி.

இரண்டாவது ஃபைலைச் சர்வரில் ஏற்றி, அது இருக்கும் இடத்தைச் சொல்ல ஒரே ஒரு வரி சேர்த்து, சர்வரைத் திரும்பக் கிளப்பினார் ரூபி. சனிக்கிழமை காலை மலர்விழி சென்டரிலிருந்து போன் பண்ணினாள்.

"அக்கா, இன்னும் பெட்டி வருது. ஆனா முதல் வரில பச்சை. ரெண்டாவதுலதான் மஞ்சள்."

"மூலையில தேதி என்ன போட்டிருக்கு?"

"தொண்ணூத்தெட்டு. காலைல கரண்டு போச்சு." மலர்விழி தானே தேதியைத் திருத்தினாள். "இப்ப வரலக்கா. பூட்டு வந்துருச்சு." மதியம் ஒரு மணிக்குள் நாலு பேரும் விண்ணப்பித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம், முன்பே விண்ணப்பித்திருந்த நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ரூபி ஒரு கடிதம் எழுதினார். நடந்தது இது, தவறு எங்களுடையது, இனி இப்படிப் பெட்டி வந்தால் யார் சொன்னாலும் எஸ் அமுக்காதீர்கள் என்று. முத்துச்சாமிக்கு அதில் விருப்பமில்லை. அலுவலகத்தின் பெயர் கெடும் என்றார். மூன்று நாள் மேசையில் வைத்திருந்துவிட்டு, கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யாரும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை.

நாலு பேரில் இரண்டு பேர் மஸ்கட் போனார்கள். மலர்விழிக்கு அனுபவம் ஒரு வருடம் குறைகிறது என்று கிடைக்கவில்லை. அடுத்த வருடம் குவைத்துக்குப் போனாள்.

ஒரு கேள்வி மட்டும் ரூபியை விடவில்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில் யாரும் அந்த பேங்க் பக்கத்தைத் திறந்ததில்லை. பிறகு ஏன் அங்கே எச்சரிக்கை வரவில்லை? ஆறு மாதம் தேடிய பிறகு, எங்கோ ஓர் இங்கிலீஷ் பக்கத்தில் பதில் கிடைத்தது. அலுவலகத்தில் இருந்த புது விண்டோஸின் பிரவுசர், விட்டுப்போன நடுத் தாளைத் தானே வெளியே போய் எடுத்துவந்துவிடும், யாரிடமும் சொல்லாது; பழைய விண்டோஸும் நரிப் படப் பிரவுசரும் அப்படிச் செய்யாது. அன்று மாலையே பேகம்பூருக்குப் போய்க் காஜா மைதீனிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, முழுக் கதையையும் இன்னொரு முறை கேட்டார்.

2007-இல் ரூபி வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டுக்கொண்டார். ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கும், ஒரு கண் ஆஸ்பத்திரிக்கும், இரண்டு கல்லூரிகளுக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. ஒவ்வொரு சான்றிதழும் என்றைக்கு முடிகிறது என்று சமையலறைக் காலண்டரில் குறித்துவைப்பார். அவர் கணவர் அமலன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். காலண்டரில் சிவப்பு வட்டம் போட்ட நாள் வந்தால், சாயந்திரம் அவராகவே ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்திவிடுவார். ரூபி பின்னால் ஏறிக்கொள்வார். எந்தத் தெருவில் எந்த சென்டரில் ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். புதுச் சான்றிதழ் போட்ட பக்கத்தை அங்கே போய்த் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள்.