பெரு நாட்டு லட்சுமி

அம்மாவின் ஒரே தம்பியான எங்கள் மாமாவுக்குப் பெரு நாட்டு வெள்ளிக் காசுப் பைத்தியம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. சம்பளம் வந்ததும் பூந்தமல்லியில் பழைய சாமான் விற்கும் பாய் கடைக்கு ஓடுவார். யாரோ கப்பல்காரர் விட்டுப்போன காசுகள் அங்கே ஒவ்வொன்றாக வெளியே வரும். எல்லாவற்றிலும் ஒரே பெண், கேடயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தென் அமெரிக்காவில் இருக்கும் அந்த நாட்டை என் அட்லஸில் விரல் வைத்துக் காட்டியதே அம்மாதான்.

ஒரு வருஷத்துக் காசு மட்டும் சிக்காமல் போக்குக் காட்டி, கடைசியில் அதுவும் கிடைத்தது. வரிசை முழுசானால் மொத்தமாக வாங்கிக்கொள்வதாக முகப்பேரில் ஒருவர் சொல்லியிருந்தார். அவரும் வெள்ளிக்கிழமை மகனிடம் அமெரிக்கா கிளம்புகிறார். துபாய் ஆசை தெருவுக்கே பிடித்திருந்த எண்பதுகள் அவை. காசுகளை விற்று ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டால் மாமாவும் பறந்துவிடுவார்.

மறுநாள் காலையில் பார்த்தால், அந்தப் புதுக் காசு சாமி அலமாரியில், முகம் மறையக் குங்குமத்தோடு!

"அக்கா, அது லட்சுமி இல்லக்கா. பெரு நாட்டுப் பொம்பள."

"எந்த நாடா இருந்தா இன்னாடா? உக்காந்துகினு கீறா, மொகத்துல களை கீது. சாமியாண்ட வச்சத எடுத்தா ஊட்டுக்கு ஆவாது" என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்க மாமா ஓர் இடத்தில் நிற்கவில்லை. கேட்டுக்கும் அடிபம்புக்கும் நடப்பார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துபோவார். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயில் சத்தம் கேட்டாலே சட்டையை மாட்டுவார், பிறகு கழற்றுவார். அம்மாவோ தினமும் அந்தக் காசு லட்சுமிக்குப் புதுப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ கொயந்த, நீ எடுத்தா சாமி ஒண்ணியும் சொல்லாது. எடுத்துக் குடுடி கண்ணு" என்று மாமா என்னிடம் கெஞ்சினார். நான் எப்படி எடுப்பேன்? திங்கட்கிழமைக் கணக்குப் பரீட்சையை அவளை நம்பித்தானே விட்டிருந்தேன்!

வெள்ளிக்கிழமை போயிற்று, முகப்பேர்க்காரரும் போனார். துபாய் வேலைக்கு வேறு ஆள் பார்த்தாகிவிட்டது என்று ஏஜெண்ட் சொல்லியனுப்பினார். மாமா வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அம்மா அந்தக் காசை எடுத்து, குங்குமத்தை முந்தானையால் துடைத்து, மாமாவின் சட்டைப்பையில் போட்டாள். "இந்தாடா உன் பெரு நாட்டுக்காரி. வா, வந்து துன்னு" என்றாள். மாமா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பரீட்சை முடியும்வரை விட்டுவைத்தால் என்ன கெட்டுப்போகும்? "சாமியாண்ட வச்சத எடுக்கக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?" என்று கத்தினேன்.

அம்மா மாமாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.