ஓனரம்மா சொன்னதாக

அம்மா இறந்த பிறகு ராயபுரத்து வீட்டைக் கோயம்புத்தூரிலிருந்து கட்டி மேய்க்க என்னால் முடியவில்லை. ஒரு புரோக்கர் கையில் ஒப்படைத்தேன். ஆள் பிடிப்பது, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும், கூடவே துடைத்த தரையின் படமும் வாட்ஸ்அப்பில் வரும். இப்படி ஒரு மனிதர் கிடைத்தாரே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வருஷம் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது நேரில் போனேன். அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே பெருமையடித்தார்.

"உங்க வூட்டுக்கு நான் ஆளு பாத்துதான்மா வுடுவேன். போன தபா காலியா இருந்தப்போ ஒரு மீன்காரம்மா வந்துது. காசிமேட்டுல ஏலம் எடுக்குதாம். மீன்காரங்க வந்தா வூடு நாறிப்பூடும், ஓனரம்மா வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு அனுப்சிட்டேன்."

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"நீங்க வேற சொல்லணுமா இன்னா? நானா வேணாம்னா பேஜாரு பண்ணுவாங்க. ஓனர் சொன்னாங்கன்னா கம்முனு பூடுவாங்க. ஆனா அந்தம்மா போவாம நின்னுகினு, 'ஓனரம்மாவே சொல்லிச்சா?'ன்னு ரெண்டு தபா கேட்டுச்சு. ஆமான்னேன். கையில மாதா பச்சை குத்திக்கினு கீது, அதைத் தடவிக்கினே பூட்ச்சு."

கையில் மாதாவைப் பச்சை குத்திக்கொண்டு காசிமேட்டில் ஏலம் எடுப்பவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா.

அம்மா மீன் விற்று வாங்கிய வீடு அது. அதில் மீன்காரிக்கு இடமில்லையாம். சொன்ன ஆளின் வாயில் மத்தியானம் தின்ற நெத்திலி மணம் வேறு.

சின்னம்மா ஏன் என்னிடம் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குக் குடிபோனால் வாடகை வாங்கவும் மாட்டார்கள், சொல்லிக்காட்டாமல் இருக்கவும் மாட்டார்கள். அந்த வம்பே வேண்டாம், நாலு பேரைப் போல வாடகை கொடுத்து இருப்போம் என்று புரோக்கரிடம் போயிருக்கிறாள். அவள் இருந்த திருவொற்றியூர் வீட்டை இடிக்கப்போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்ன சமயம் அது. ராயபுரம் என்றால் ஏலத்துக்கு நடந்தே போயிருப்பாள். இப்போது எண்ணூரிலிருந்து, விடியுமுன், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் வருகிறாள். அப்போதிலிருந்தே என் போனை அவள் சரியாக எடுப்பதில்லை. காது மந்தமாகிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு அந்த ஆளைத் தலைமுழுகினேன். "உங்க நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்" என்றார். என் நல்லதுக்காம்! நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அன்று மாலையே எண்ணூருக்குப் போனேன். என்னைத் தெருமுனையில் கண்டாலே "வாடி" என்று கத்துகிறவள், "வாங்க, குந்துங்க" என்றாள். பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தேன். சாவியை எடுத்து நீட்டினேன்.

அவள் அதைத் தொடவில்லை.

"நீங்க சொல்லலை, இப்ப தெரியுது. ஆனா அவன் சொன்னப்போ நான் நம்பிட்டேன் பாருங்க."