மாசிபியாவின் பேர்ப்பாட்டு

மாசிபியா தன்னைப் பற்றித் தானே கட்டிய பேர்ப்பாட்டு மூன்றே வரி. துகேலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அதைக் கேட்காத வீடு கிடையாது. கல்யாணம் காட்சி என்று பெண்கள் கூடிவிட்டால் அவள் நடுவில் இறங்கித் தரை அதிர மிதித்து ஆடுவாள். அவளுடைய ஓரகத்தி மாசூங்கு முதல் ஆளாகக் குரல் கொடுப்பாள், மற்ற பெண்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்வார்கள்.

"குடுக்கையைத் தொடாதவள், தொட்டாள் என்று துரத்தப்பட்டவள்!
துரத்தியவள் என் மாமி, வாசல் காட்டியவள் என் மாமி!
பிள்ளையோடு போனவள், ஆட்டோடு வந்தவள்!"

மாமியார் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். அடுக்களையில் சொன்னால் வாயிலேயே அடி விழும் பேச்சு, பேர்ப்பாட்டில் சொன்னால் ஏன் என்று கேட்க எந்த மாமியாருக்கும் உரிமை இல்லை. அங்கே மருமகளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மாசிபியா அதை விட்டுவைக்கவில்லை. கிழவி கண்ணை மூடுகிற வருஷம் வரைக்கும், கிடைத்த வாசலில் எல்லாம் ஆடித் தீர்த்தாள்.

நடந்தது இதுதான். அப்போது அவள் மஜோசி வீட்டுக்குப் புது மருமகள். இடுப்பில் கைக்குழந்தை, பூசிலே என்று பெயர். பெண் பிறந்ததால் அதுவரை அவளுக்குப் பெரிய மரியாதை ஒன்றும் வந்துவிடவில்லை. புகுந்த வீட்டு மாட்டின் தயிரைப் புது மருமகள் தொடக் கூடாது. வீட்டுப் பெரியவர்கள் சடங்கு செய்து, இனி நீ குடிக்கலாம் என்று சொல்கிறவரை தயிர்க் குடுக்கைப் பக்கமே போகக் கூடாது. கிறிஸ்துமஸ் முடிந்து ஆண்கள் ஜோகன்னஸ்பர்க் வேலைக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் சுரைக்குடுக்கை காலியாகக் கிடந்தது. மாமியார் வாசலில் நின்று ஊரைக் கூட்டினாள். "என் புருஷன் வீட்டு முன்னோர் தயிரை எவளோ திருடித் தின்னுருக்கா. எவளுன்னு கேக்க வேற வேணுமா?"

கேட்கவில்லைதான். பிறந்த வீட்டுக்குப் போய்த் தீட்டுக் கழிக்க ஓர் ஆடு கொண்டு வா என்று அன்றைக்கே கிளப்பிவிட்டார்கள். புருஷன் பெக்குமூசி அங்கேதான் நின்றான், பயணத்துக்குக் கட்டிய பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. மலை ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. முதுகில் கட்டிய குழந்தை நனைந்த போர்வையில் நடுங்கியது, பிறகு நடுங்குவதும் நின்றது. அப்பன் வீட்டு வேலி ஓரத்தில் பூசிலேயைப் புதைத்தார்கள். ஆடு கேட்டிருக்கிறார்களே, ஆட்டைக் கொண்டுபோய்த்தானே ஆக வேண்டும்? ஓட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே அறுத்தார்கள். பூசிலேயைப் பற்றி மாமியார் கேட்டது, "எங்க வச்சீங்க?" என்று மட்டும்தான்.

அதற்குப் பிறகு மாசிபியாவுக்கு இன்னும் நாலு பிள்ளைகள் பிறந்தார்கள். முதுகில் வயதும் ஏறியது. பெக்குமூசி வேலையை விட்டு ஊரோடு வந்து, கோயிலில் வெள்ளை அங்கி போட்டு ஜெபம் பண்ணுகிற ஆளானான். மூத்த மகன் லிண்டானிக்கு எஷோவே ஊர்த் தலைமை ஆசிரியர் வீட்டுப் பெண் லுங்கிலேயைப் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெக்குமூசி அடுக்களைக் குடிசை வாசலில் வந்து குந்தினான். அவன் அங்கே வந்து குந்தினாலே ஏதோ காரியம் என்று அர்த்தம்.

"மாசிபியா, நாளைக்கு உன் பேர்ப்பாட்டு வேணாமே."

"ஏன்?"

"சம்பந்தி வீட்டுல படிச்சவங்க. அம்மாவும் இப்ப முன்னோர்ல ஒருத்தங்க. மாட்டை அறுத்து அவங்களக் கூப்பிட்டுட்டு, அவங்க மூஞ்சிலயே காறித் துப்புற மாதிரி இருக்காதா?"

"அவங்க மூஞ்சியப் பாத்துப் பாடினதுதானே. உயிரோட இருக்கும்போதே பாடினேன். இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

அவன் கொஞ்ச நேரம் தரையைக் கீறினான். பிறகு சொன்னான், மாட்டுக்குத் தண்ணி காட்டினேன் என்கிற மாதிரி.

"அம்மா மேலயே பழியப் போடாத. அவங்க பொய் சொல்லல. குடுக்கை காலியாத்தான் இருந்துச்சு. ராத்திரி நான்தான் எடுத்துக் குடிச்சேன்."

மாசிபியா களி கிண்டிய அகப்பையைப் பானையிலேயே விட்டாள்.

"நீங்களா?"

"பசிச்சுது. காலையில எந்திரிக்கிறதுக்குள்ள அம்மா ஊரையே கூட்டிட்டாங்க. நடுவுல போய் எப்படிச் சொல்றது? பொண்டாட்டிக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றான்னு எல்லாரும் சிரிப்பாங்க. ஒரு ஆடுதானே, நீ போய்க் கொண்டாந்துருவேன்னு நெனச்சேன்."

குடிக்க உரிமை உள்ளவன். அவன் வீட்டு மாடு, அவன் வீட்டுத் தயிர். 'நான் குடித்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் யாரையும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான்? இத்தனை வருஷம் அதே பாயில் படுத்து, அந்தப் பாட்டுக்குக் கூட்டத்தோடு கூட்டமாகக் கையும் தட்டியிருக்கிறான். கிழவியையும் மாசிபியா நினைத்துக்கொண்டாள். அவ்வளவு நாளும் தப்பான ஆளைக் கரித்துக் கொட்டியிருக்கிறோமே என்று.

சாயங்காலம் கள் வடிகட்டிக்கொண்டிருந்த மாசூங்குவிடம் போய் உட்கார்ந்தாள்.

"நடு வரிய மாத்தணும்டி. இனிமே இப்படிச் சொல்லு. 'குடித்தவன் என் பாயில் படுத்தவன், விடிந்தும் வாய் திறக்காதவன்.'"

மாசூங்குவின் கை நின்றது. "அக்கா, இது நெசமா?"

"அவர் வாயாலயே சொன்னாரு."

"பாவி மனுஷன். பூசிலேவ முழுங்கிட்டு எப்படிக்கா இத்தன வருஷம் சோறு எறங்குச்சு?" சோளக் கள் கையில் வழிவதைப் பார்க்காமல் யோசித்தாள். "மகன் கல்யாணத்துல வேணுமாக்கா?"

"இங்கதான் வேணும். நாலு ஊரு கேக்கணும். அந்த ஆளு தலைய எங்கயாவது கொண்டுபோய் வைக்கட்டும்."

"சரிக்கா. நான் சொல்றேன்."

சொல்லவும் செய்தாள், பொய் சொல்லக் கூடாது. மறுநாள் மதியம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆடும் முறை வந்தபோது மாசிபியா நடுவில் இறங்கினாள். வெயில் கொளுத்தியது. எதிரே சம்பந்தி வீட்டார் நாற்காலிகளில், அவர்களுக்கு நடுவில் வெள்ளை அங்கியோடு பெக்குமூசி. மாசூங்கு முதல் வரியை எடுத்தாள், பெண்கள் வாங்கினார்கள். அவள் மூச்சு இழுத்து இரண்டாவதை எடுத்தாள்.

"குடித்தவன் என் பாயில் படுத்தவன், விடிந்தும் வாய் திறக்காதவன்!"

ஒரு நொடி யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் வாசல் முழுக்கச் சிரிப்பு, குலவை. பெண்கள் அந்த வரியை வாங்கினார்கள், இன்னொரு தரம் வாங்கினார்கள், அப்படி ஒரு வரி அவர்களுக்கு அந்த வருஷமே கிடைக்கவில்லை. மாசிபியா கண்ணை அவன்மேலேயே வைத்து மிதித்தாள். இப்போது எழுந்து போவான், தலையைக் குனிந்துகொண்டு மாட்டுப்பட்டிப் பக்கம் போவான் என்று பார்த்தாள்.

அவன் எழுந்தான்தான். அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகினான், பக்கத்தில் இருந்தவன் கைத்தடியைப் பிடுங்கினான், ஒரே தாவலில் கூட்டத்துக்கு நடுவில் வந்து குதித்தான். வரியில் வந்துவிட்ட ஆம்பிளைக்கு அது பெருமைதானே, நல்லதோ கெட்டதோ. "குடித்தவன்!" என்று பெண்கள் கூவ, அவன் தடியைச் சுழற்றித் தரையை மிதித்தான். "வாய் திறக்காதவன்!" என்று கூவ, வாயை இறுக்க மூடிக் காட்டினான். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டார்.

மாசிபியா ஓரமாக நகர்ந்தாள், அவனுக்கு இடம் வேண்டியிருந்தது. மூன்றாவது வரிக்காக நின்றாள். மாசூங்கு இரண்டு தரம் வாயெடுத்தாள். கைதட்டலில் அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. பிறகு பெண் வீட்டார் முறை வந்துவிட்டது.

இப்போது 'பிள்ளையோடு போனவள்' என்கிற அந்த மூன்றாவது வரியை யாரும் சொல்வதில்லை. அந்தப் பாட்டும் அவளுடையதில்லை, பெக்குமூசியுடையது. போகிற இடமெல்லாம் "குடித்தவனே" என்று கூப்பிடுகிறார்கள். விருந்தாளி வந்தால் அவனே கதையாகச் சொல்லுகிறான். பசித்ததும், அம்மா கத்தியதும், பெட்டிப் பூட்டைத் திறந்து திறந்து மூடியதும். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று அவனுக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஆடு வந்து சேருவதோடு கதை முடிந்துவிடும்.

போன கிறிஸ்துமஸுக்கு எஷோவேயிலிருந்து சம்பந்திகள் வந்திருந்தார்கள். வாசலில் அவன் கதை சொல்லிக்கொண்டிருக்க, மருமகள் லுங்கிலே சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் வந்தாள். அந்த வீட்டுத் தயிரைத் தொட அவளுக்கு இன்னும் உத்தரவு ஆகவில்லை.

"அத்தை, மாமா சொல்றதக் கேட்டீங்களா? அந்த ஆட்டுக் கறி மாதிரி அப்புறம் ஒரு கறி தின்னதே இல்லையாம். அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

"எனக்குத் தெரியாது. நான் திங்கல."

"ஏன் அத்தை?"

மாசிபியா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் சிரிப்பு வெடித்தது, லுங்கிலே, இவர்களை என்ன பண்ணுவது என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு, மீதியைக் கேட்க வெளியே ஓடினாள்.