கருப்பட்டிக்குத் தாய் கிடைத்தாளா

பிச்சையம்மாளுக்கு இந்தி தெரியும் என்று ரெட்டியபட்டியே நம்பியது. சிறுமியாக இருக்கும்போது, பிழைக்கப் போன அப்பனோடு பம்பாயில் ரெண்டு வருசம் இருந்துவிட்டு வந்தவள். அங்கே அவள் படித்துக்கொண்டது ஏழெட்டு வார்த்தைதான், அதிலும் பாதி வசவு. ஆனாலும் வடக்கத்தி லாரி எதுவும் ஊருக்குள் வந்து நின்றால், "பிச்சையம்மாளக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். அவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், கையைக் காலை ஆட்டி எப்படியாவது காரியத்தை முடித்துக் கொடுத்துவிடுவாள். தெரியாது என்று சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

எண்பத்தாறில் பஞ்சாயத்து ஆபீசை ஒட்டிய அறைக்கு ஒரு கறுப்பு வெள்ளை டிவி வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஒரு பொம்மைப்படம் போடுவார்கள். சூறைக்காற்றில் தாயைப் பிரிந்த கரடிக்குட்டி ஒன்று, ஊர் ஊராகத் தாயைத் தேடி அலைகிற தொடர். பேச்செல்லாம் இந்தி. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும், ஒரு எழவும் விளங்காது. ஒருநாள் மகன் முத்துராஜைக் கஞ்சி குடிக்கக் கூப்பிட வந்த பிச்சையம்மாளின் சேலையை அவன் பிடித்து இழுத்தான்.

"எம்மா, அது என்னம்மா சொல்லுது? ஒனக்குத்தான் இந்தி தெரியுமே."

அறையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. மகன் முன்னால் மானம் போகலாமா? உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

முதல் காரியமாகக் குட்டிக்குக் கருப்பட்டி என்று பேர் வைத்தாள். அதற்கு வழி காட்டுகிறேன் என்று ஏமாற்றுகிற நரியைக் கமிஷன் கடைத் தரகர் ஆக்கினாள். படத்தில் தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கும். ரெட்டியபட்டியில் பனி விழுந்து தரை வெளுத்ததை யார் கண்டது? கரிசல் காட்டில் அப்படி வெள்ளையாகக் கிடப்பது ஒன்றே ஒன்றுதான். "பருத்தி வெடிச்சுக் கெடக்குடா, எடுக்கத்தான் ஆளில்ல" என்றாள். பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள். வானத்திலிருந்து பொலபொலவென்று விழுகிறதே என்றதற்கு, காற்றில் பஞ்சு பறக்கிறது என்றாள். கருப்பட்டி ஏன் இப்படி நடுங்குகிறது என்று கேட்டாள் மிளகாய் வத்தல் கடை ராஜகுருவின் மகள் தீபலட்சுமி. "பசி" என்றாள் பிச்சையம்மாள். பசியில் உடம்பு நடுங்கும் என்பது அங்கே இருந்த மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் பிச்சையம்மாள் வந்தால்தான் படம். ஆறேழு வயசு முத்துராஜுக்கு அப்போது இருந்த கர்வத்தைப் பார்க்கவேண்டும். அம்மா மடியில் கலெக்டர் மாதிரி உட்கார்ந்துகொள்வான். வேறு பிள்ளை எதுவும் குறுக்கே பேசினால், "ஏலே, சும்மா இருங்கலே, எங்கம்மா சொல்லுதுல்ல" என்று அதட்டுவான். கருப்பட்டி கீழே விழுந்தால் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அடி பட்டுச்சா என்று கேட்பான். படலை என்று அவள் சொன்ன பிறகுதான் மறுபடி டிவியைப் பார்ப்பான்.

அந்த மனுசி சொன்னது பூராவும் பொய். கரடி பத்து நிமிசம் பேசினாலும் இவள் ஒரு வரியில் முடிப்பாள்; அது ஒரு வார்த்தை சொன்னால் இவள் ஒரு குடும்பக் கதையே சொல்வாள். இந்தி அரைகுறையாகவாவது தெரிந்த ஒருத்தன் ஊரில் இருந்திருந்தால் அன்றைக்கே சாயம் வெளுத்திருக்கும்.

எண்பத்தெட்டு ஐப்பசியில் தொடர் முடிகிற கட்டத்துக்கு வந்தது. கருப்பட்டி ஒரு ஆற்றங்கரையில் வந்து நிற்கிறது. அக்கரையில் பெரிய கரடி ஒன்று, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அத்தோடு அந்த வாரம் முடிந்துபோனது.

"எம்மா, அது அதோட அம்மாதானா?"

"ஆரு கண்டா? அடுத்த வாரம் பாத்துருவோம்."

திங்கட்கிழமை முத்துராஜுக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்து ஊர் டாக்டரிடம் ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. லாரியில் மூட்டை ஏற்றுகிற அவன் அப்பன் செல்லப்பாண்டி, வேலையைப் போட்டுவிட்டு வந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் பையன் அதையேதான் கேட்டான். மருந்து குடிக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்தான். பெற்றவளுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றும்? எதைக் காட்டியாவது பிள்ளையை எழுப்பி உட்காரவைத்துவிடவேண்டும் என்றுதான் தோன்றும்.

"மருந்தக் குடிச்சாத்தான் ஞாயித்துக்கெழம ஊருக்குப் போகலாம். போனாத்தான் அது அம்மாவா இல்லையான்னு தெரியும்."

"நீ இப்பவே சொல்லும்மா."

"இப்பச் சொல்லிட்டா நீ எந்திரிக்க மாட்டியே ராசா. எந்திரிச்சு வா, சேந்து பாப்போம்."

அவன் மருந்தைக் குடித்தான். சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டான்.

அதற்குப் பிறகு பிச்சையம்மாள் பஞ்சாயத்து டிவி இருந்த தெருவுக்கே போகவில்லை. தண்ணீர் எடுக்க அந்த வழிதான் கிட்டம், ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள். வேறு பிள்ளையும் அவளுக்குத் தங்கவில்லை. மகன் செத்ததற்கு அழுதாள், எல்லாரும் பார்த்தார்கள். யாருக்கும் தெரியாமல் இன்னொன்று அவள் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்தது. ரெண்டு மூன்று வருசமாக வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னவள், அந்தப் பிள்ளை கேட்ட ஒரே ஒரு சங்கதியைச் சொல்லாமல் அனுப்பிவிட்டாளே. ஆமாம் என்று சொல்ல என்ன செலவு? கறிக்கடையில் நின்றாலும் காட்டில் களை எடுத்தாலும் இதுதான் அவளுக்கு ஓடும். அப்புறம், அக்கரையில் நின்றது உண்மையிலேயே தாய்தானா என்பது அவளுக்கே தெரியாது என்பதும் சேர்ந்துகொள்ளும்.

தொண்ணூற்றேழில் அவள் ராஜகுரு கடையில் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. கலர் டிவி, கேபிள் எல்லாம் வந்திருந்தது. பாவாடை கட்டிக் கதை கேட்ட தீபலட்சுமி, கல்யாணம் பேசுகிற பெண்ணாக நின்றாள். ஒருநாள் அவள் பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"பிச்சையம்மாக்கா! நம்ம கருப்பட்டி திரும்ப வருது. புதுசா எடுத்திருக்காகளாம். தமிழ்லயே பேசுதாம்!"

வத்தல் கூடை மடியிலிருந்து சரிந்தது. அவள் குனிந்து அள்ளிப் போட்டுக்கொண்டே, "என்னைக்குப் போடுறாக?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. ஆனாலும் வந்துவிட்டாள். தீபலட்சுமி உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். பிச்சையம்மாள் கதவு நிலையோரம் உட்கார்ந்துகொண்டாள். படம் ஆரம்பித்தது. குட்டி நீலக்கலரில் இருந்தது. எந்த ஊரில் கரடி நீலமாக இருக்கிறது? பேர் ஏதோ வாய்க்குள் நுழையாத பேர். கீச்சுக் குரலில் நிறுத்தாமல் பேசியது, பல்டி அடித்தது, தாய்க்கரடி சுட்டுவைத்த கேக்கைத் திருடித் தின்றது. பழைய படத்தில் அது ஒரு மரத்தடியில் சும்மா உட்கார்ந்து அழும். அறையே கப்சிப்பென்று இருக்கும். இதில் கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு கூத்து நடந்தது. தரை வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, "பனி பெய்யுது, பனி பெய்யுது" என்று குட்டி துள்ளியது. பிச்சையம்மாளுக்குக் கூச்சமாகப் போயிற்று. தீபலட்சுமி ஜாடையாகப் பார்த்துச் சிரித்தாள், கேலியாக இல்லை.

அவள் பனியைப் பற்றியெல்லாம் ரொம்ப நேரம் கவலைப்படவில்லை. சூறைக்காற்று எப்போது வரும், குட்டி எப்போது தொலையும், எப்போது அந்த ஆற்றங்கரைக்கு வரும் என்பதுதான் அவளுக்குக் கணக்கு. தமிழில்தானே பேசுகிறது, கடைசியில் தன் காதாலேயே கேட்டுவிடலாம். வாராவாரம் வந்தாள். செல்லப்பாண்டி ஒருநாள், "கெழவியாகப் போற வயசுல ஒனக்கு என்ன பொம்மப் படம்?" என்று கேட்டான். அவள் பாட்டுக்குக் கிளம்பிப் போனாள். தையும் மாசியும் போனது. குட்டி வாரம் ஒரு சேட்டை செய்தது, தாய் வாரம் ஒருதரம் காதைத் திருகியது. காற்று வரவே இல்லை.

"எப்பத்தான் பாப்பா இது காணாமப் போகும்?"

தீபலட்சுமி தயங்கினாள். "இதுல காணாமயே போகாதுக்கா. பேப்பர்ல போட்டிருந்தாக. பழைய கதையப் பாத்துப் பிள்ளைக அழுகுதுன்னு மாத்திட்டாகளாம். இதுல எப்பவும் அம்மாகூடயேதான் இருக்கும்."

பிச்சையம்மாள் டிவியையே பார்த்தாள். நீலக்குட்டி தாயின் முதுகில் ஏறிச் சவாரி போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு முதலில் வந்தது கோபம். தொலையாத பிள்ளைக்கு எதற்கு ஒரு கதை? தன் மகன் சாகிறவரைக்கும் கேட்ட கேள்வியைத் துடைத்து எறிந்துவிட்டார்களே. அடுத்த நிமிசம் பொறாமை வந்தது. படத்துக் கரடிமேல் பொறாமைப்பட்ட தாய் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். எழுந்து வெளியே போய், வேலை இல்லாத நாளிலும் வத்தல் குவியல் முன்னால் உட்கார்ந்து காம்பு கிள்ள ஆரம்பித்தாள்.

தீபலட்சுமி பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்காதீக."

"கேளு."

"அந்தக் கடைசி வாரம் நாங்கல்லாம் போயிப் பாத்தோம். முத்துராஜ் போனது எங்களுக்குச் சரியா வெளங்காத வயசு. கருப்பட்டி ஆத்தத் தாண்டுச்சு. அந்தப் பெரிய கரடி திரும்புச்சு. ரெண்டும் என்னமோ பேசிக்கிருச்சுக. அப்புறம் சேந்து நடந்து போச்சுக. அம்புட்டுத்தான், படம் முடிஞ்சிருச்சு." அவள் ஒரு வத்தலை எடுத்துக் கையில் உருட்டினாள். "அது அம்மாதானா, வேற ஆருமான்னு எங்களுக்குத் தெரியல. நீங்க வந்து சொல்லுவீகன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தோம். இம்புட்டு வருசமா கேக்கணும்னு இருக்கு. அது அம்மாதானாக்கா?"

பிச்சையம்மாளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. கையெல்லாம் வத்தல் காரம், துடைக்கவும் முடியவில்லை. ரெண்டு கையையும் மடிக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாதான்யா," என்றாள் கடைசியில். "அம்மாதான் ராசா."

அவள் தீபலட்சுமியைப் பார்த்துச் சொல்லவில்லை.