டைகரின் பல்லும் நாலு மணி டீயும்

கால்நடை மருத்துவரிடம் நாயைக் கூட்டி வருபவர்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள், அது என்ன தின்கிறது என்பதைத் தவிர. நாய் வளர்த்துப் படாதபாடு படுகிறவர்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஜன்னலைத் திற

செல்லூரில் தறி போட்டிருக்கும் பாண்டி அண்ணன் தன் நாய் டைகரோடு வந்தார். அது வாயைத் திறந்தது, நான் ஜன்னலைத் திறந்தேன். பல்லெல்லாம் மஞ்சள் காரை, ஈறு சிவந்து கிடந்தது. மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பச்சைக் குழந்தை வருவதற்குள் நாற்றம் போகாவிட்டால், நாயைக் கீழக்குயில்குடித் தோட்டத்தில் விட்டுவிட வேண்டும் என்று அவர் மனைவி மீனாட்சி கெடு வைத்துவிட்டாராம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

மயக்க மருந்து கொடுத்துக் காரையைச் சுரண்டி எடுத்தேன். மறுபடி படியாமலிருக்கக் கொழகொழ சோறு வேண்டாம், கடித்துத் தின்னும் தீனியும் பச்சைக் கேரட்டும் கொடுங்கள், வேகவைத்த எலும்பு உடைந்து குத்தும், பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள் என்றேன்.

"கேரட்டா? டாக்டரம்மா, இது நாயி. மொயலுன்னு நெனச்சுப்புட்டீகளா?"

பத்தாம் நாள்

பல்லிடுக்கில் மறுபடி மாவு மாதிரிப் பிசுபிசுப்பு. சொன்னதைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை என்று பாண்டி அண்ணன் சத்தியம் செய்தார். நம்பாமல் நேரில் போனேன். நாலு மணிக்குத் தறிகள் நின்றன, டீ வந்தது. டைகர் தறி தறியாகப் போய் உட்கார்ந்தது. ஆளுக்கொரு துண்டு பன், டீயில் முக்கி, அதன் வாய்க்குள். முதலாளியே முதல் ஆள்! எனக்கு வந்த கோபத்துக்குத் தறியை விடச் சத்தமாகக் கத்தினேன்.

"அது தீனி இல்லைங்க டாக்டரம்மா, டீ!" என்றார் பாண்டி அண்ணன்.

கேரட் போட்டி

பன் நின்றது. டைகரோ கேரட்டைத் துப்பித் துப்பிப் போட்டது. பாண்டி அண்ணன் விடவில்லை. தினமும் நாலு மணிக்கு அதன் எதிரே உட்கார்ந்து தானே கேரட்டைக் கடித்தார். நாலாம் நாள் டைகருக்குப் பொறுக்கவில்லை, பிடுங்கித் தின்றது. பிறகு அதுவே கேட்க ஆரம்பித்தது.

பேத்தி வீட்டுக்கு வந்த அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். மீனாட்சி டைகரின் வாயைப் பிளந்து மோந்து பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரி, இங்கேயே இருக்கட்டும் என்று தலையசைத்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாண்டி அண்ணன் துள்ளிக்கொண்டு பேத்தியைத் தூக்கப் போனார். மீனாட்சி கையை நீட்டித் தடுத்தார்.

"நாயி வாயில ஒரு வாடையும் இல்ல. நீங்க மொதல்ல போயிப் பல்ல வெளக்கிட்டு வாங்க!"

ஒரு நாயைக் காப்பாற்றி ஒரு மனிதரை மாட்டிவிட்டது என் தொழிலில் அதுதான் முதல் தடவை.